பத்ராஸிலிருந்து கலே: ஜனவரியில் கேம்பர் வேனுக்கு எந்த வழி?

அக்டோபர் 28 அன்று வட பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கி, கிரீஸின் பெலொப்பனீஸ் கடற்கரையில் குளிர்காலம் கழிக்கப் போன பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு ஜனவரி 25-ல் கெடு முடிகிறது. ஷெங்கன் எல்லைக்குள், அதாவது தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனையை விட்டுவிட்ட ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். வந்த நாள், போகும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். 2025 அக்டோபரில் மின்னணு எல்லைப் பதிவு தொடங்கியபின், முத்திரைகளைப் புரட்டி எண்ணுகிற வேலையைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவைக் குறுக்கே கடக்க ஆண்டிலேயே கடினமான மாதத்தில் இத்தனை கேம்பர் வேன்கள் வடக்கே கிளம்புவதற்கு இந்தக் கெடு ஒரு பெரிய காரணம்.

கிரீஸின் துறைமுகமான பத்ராஸிலிருந்து கலே போக மூன்று வழி உண்டு. பால்கன் நாடுகள் வழியாக முழுக்கத் தரைவழி ஒன்று. இத்தாலிக்குக் கப்பலில் போய் ஆல்ப்ஸைக் குறுக்கே கடப்பது இரண்டாவது. அதே கப்பலில் போய், ஆல்ப்ஸை விட்டு விலகி மத்தியதரைக் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போவது மூன்றாவது. வேனைக் கிரீஸிலேயே நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கடைசியில் சில வரிகள்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தாலியின் அங்கோனாவுக்குக் கப்பல் ஏறுங்கள். ஆல்ப்ஸைக் கடப்பதா, சுற்றுவதா என்பதைக் கிரீஸில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள்; வட இத்தாலியின் மோதெனா வரும்வரை தள்ளிப்போடுங்கள். குளிர்காலத்தில் நல்ல வழி என்பது, வானிலை கெட்டால் மாற்றிக்கொள்ள இடம் தருகிற வழி. மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பால்கன் வழி

வரைபடத்தில் இது நேர்கோடு மாதிரித் தெரியும். பத்ராஸ், தெசலோனிக்கி, எவ்ஸோனி எல்லை, ஸ்கோப்யே, நிஷ், பெல்கிரேடு, ஹோர்கோஷ் எல்லை, புடாபெஸ்ட், வியன்னா, பஸாவ், கொலோன், கலே. மொத்தம் ஏறத்தாழ 3,000 கி.மீ. அங்கோனாவிலிருந்து சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் சுரங்கம் வழியாகக் கலேக்கு 1,450 கி.மீ. சுமார். அதாவது கப்பல் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 1,550 கி.மீ. கூடுதலாக ஓட்ட வேண்டும். 100 கி.மீ.க்கு 11 லிட்டர் குடிக்கும் வேனுக்கு அது 170 லிட்டர் டீசல். நாலைந்து நாடுகளின் சாலைக் கட்டணமும், இரண்டு மூன்று இரவுகளின் ஹீட்டர் எரிபொருளும் அதற்கு மேல். இரண்டு பேருக்கு ஒரு கேபினோடு கப்பல் டிக்கெட் எடுத்தால் வரும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

பணத்தைவிட முக்கியமானது, இந்தப் பாதையில் ஒதுங்க இடமில்லை என்பது. நிஷ்ஷைத் தாண்டிவிட்டால் வடக்கே போவதைத் தவிர வேறு நல்ல நெடுஞ்சாலை கிடையாது. பெல்கிரேடுக்கு வடக்கே வோய்வோதினா சமவெளியில் மலையும் இல்லை, மறைப்பும் இல்லை. விழுகிற பனி கொஞ்சமாக இருந்தாலும் காற்று அதை வயலிலிருந்து வாரி நெடுஞ்சாலையில் குவிக்கும். 2014 ஜனவரி கடைசியில் ஃபெகெதிச் ஊர் அருகே நூற்றுக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் பனிக்குவியலில் சிக்கின. சாலையில் இவ்வளவு சென்டிமீட்டர் பனி என்று வரும் முன்னறிவிப்பு அங்கே பாதித் தகவல்தான். காற்றின் வேகத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் முழுத் தகவல்.

இன்னொன்று, தேதி. செர்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அவர்களது பழைய நாள்காட்டிப் புத்தாண்டு ஜனவரி 14. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்து கொண்டாடிவிட்டு இந்த நாட்களை ஒட்டித் திரும்புவார்கள். அப்போது ஹங்கேரி எல்லையான ஹோர்கோஷில் வடக்கே போகும் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். வரிசையில் எஞ்சினை அணைத்தும் போட்டும் ஊர்ந்துகொண்டே பின்புறக் குடியிருப்பைச் சூடாக வைத்திருப்பது எளிதில்லை.

சட்டம்: வட மாசிடோனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரோ, வண்டிக்குள் சங்கிலியோ கட்டாயம். செர்பியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால், குறைந்தது 4 மி.மீ. பள்ளமுள்ள குளிர்கால டயர் வேண்டும். காப்பீட்டின் கிரீன் கார்டில் வட மாசிடோனியாவின் எழுத்து கோடிட்டு நீக்கப்படாமல் இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். ஹங்கேரியில் கேம்பர் வேனுக்குச் சாதாரணக் கார் விக்னெட் (நெடுஞ்சாலையில் ஓட்ட முன்பே வாங்கும் அனுமதி) செல்லாது. டி2 பிரிவில் எடுக்க வேண்டும். கார் பிரிவில் எடுத்துவிட்டு அபராதம் கட்டுவது இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு.

பல்கேரியா, ருமேனியா வழியாகவும் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் அந்த எல்லைகளில் தரைவழி பாஸ்போர்ட் சோதனை எடுபட்டுவிட்டது என்பது பெரிய வசதி. ஆனால் சோஃபியாவிலிருந்து விதின் பாலம் வரையும், அங்கிருந்து திமிஷுவாரா வரையும் நீண்ட தூரத்துக்குத் திசைக்கு ஒரே தடம் உள்ள சாலைகள்; லாரிகளின் பின்னால் இருட்டில் போக வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தெசலோனிக்கிக்கு வடக்கே குளிர்காலம் கழித்தவர்கள், கடல் பயணமே ஒத்துக்கொள்ளாதவர்கள், செர்பியாவில் நண்பர் வீடு உள்ளவர்கள் — இவர்களுக்கு மட்டும் பால்கன் வழி பொருந்தும்.

கப்பல்: எந்தத் துறைமுகத்துக்கு?

பத்ராஸிலிருந்து அங்கோனா ஏறத்தாழ 22 மணி நேரம். வடமேற்கு கிரீஸின் இகுமெனிட்சாவிலிருந்து 16, 17 மணி. பெலொப்பனீஸில் இருப்பவர் ரியோ–அந்திரியோ பாலத்தைத் தாண்டி இகுமெனிட்சா வரை ஓட்டினால் சுமார் 280 கி.மீ. கூடும். சாலை நன்றாக இருக்கிறது என்றாலும் பாலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் கட்டும் பணத்தைச் சேர்த்தால் மிச்சமாவது அற்பம். தெசலோனிக்கிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கோ இகுமெனிட்சாதான் சரி. ஆனால் எக்னாத்தியா நெடுஞ்சாலை மெட்சோவோ அருகே 1,000 மீட்டருக்கு மேல் ஏறும். அங்கே பனி சகஜம். கப்பல் நேரத்துக்கு ஒரு நாள் முன்பே அந்த மலையைத் தாண்டி இறங்கிவிடுங்கள்.

தென் இத்தாலியின் பாரி துறைமுகத்துக்கு டிக்கெட் மலிவு, பயணமும் குறைவு. ஆனால் பாரியிலிருந்து அங்கோனா வரையே 460 கி.மீ. ஓட்ட வேண்டும், மிச்சம் பிடித்தது டீசலிலும் டோலிலும் போய்விடும். வெனிஸ் வரை போகும் கப்பல் பத்ராஸிலிருந்து 30 மணிக்கு மேல் எடுக்கும். அது பிரென்னர் கணவாய்க்குப் பக்கம், ஆனால் மேற்கே திரும்ப வேண்டி வந்தால் தூரம். அங்கோனா நடுவில் இருக்கிறது: எந்தப் பக்கம் திரும்பவும் தோது.

கோடையில் இந்தக் கப்பல்களில் வேனுக்குள்ளேயே படுத்துக்கொண்டு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த வசதி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே. ஜனவரியில் வேனைப் பூட்டிவிட்டு மேலே போக வேண்டும். கேபின் அல்லது சாய்வு இருக்கை எடுத்தாக வேண்டும். நாயோடு போகும் கேபின்கள் சிலவே இருக்கும், அவை முதலில் போய்விடும். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அதையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள். ஏறும் இடத்தில் அளந்து வித்தியாசம் கேட்டால் கவுன்டர் விலை. கேஸ் சிலிண்டரின் வால்வை ஏறுமுன்னே மூடுங்கள். குளிர்பெட்டிக்கு மின்சாரம் கிடைக்கும் என்று நம்பாமல் காலி செய்துகொள்ளுங்கள்.

அட்ரியாட்டிக் கடலில் புயல் வந்தால் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போகலாம். ஆகவே கெடு ஜனவரி 25 என்றால், 18-ஐத் தாண்டிய கப்பலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

மோதெனாவில் எடுக்கும் முடிவு

அங்கோனாவில் இறங்கும்போது பெரும்பாலும் பிற்பகல். ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அன்றிரவு ஏ14 நெடுஞ்சாலை ஓரமாக செனிகாலியா, ஃபானோ போன்ற கடலோர ஊர்களில் தங்குங்கள். கடல் மட்டத்தில் குளிர் கடுமையாக இருக்காது. மறுநாள் பொலோஞாவைத் தாண்டினால் போ ஆற்றுச் சமவெளி. அங்கே ஜனவரியின் தொல்லை மூடுபனி. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு திடீரென்று கரைந்து, எதிரே வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கும். நூறு மீட்டருக்குள் பார்வை சுருங்கினால் வேகம் 50-க்கு இறங்க வேண்டும். பின்புற மூடுபனி விளக்கு எரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள்; உப்புப் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அது எரிந்தாலும் தெரியாது.

மோதெனாவில் ஏ22 வடக்கே பிரிகிறது: பிரென்னர் 314 கி.மீ. நேராக ஏ1-ல் போனால் பியாச்சென்ஸா. அங்கிருந்து மிலான் வழியாக கோத்தார்டுக்கோ மோன் பிளாங்குக்கோ போகலாம். அல்லது ஏ21-ல் இடப்பக்கம் திரும்பி ஜெனோவாவுக்கு. மோதெனாவுக்கு முந்தைய இளைப்பாறும் இடத்தில் நிறுத்தி, அடுத்த 36 மணி நேரத்துக்கு மூன்று ஊர்களின் வானிலையைப் பாருங்கள்: பிரென்னர், கோத்தார்டுக்கு ஐரோலோ, மோன் பிளாங்குக்கு கூர்மேயர். மழையும் பனியும் தெற்குப் பக்கம் கொட்டுகிறதா, வடக்குப் பக்கமா என்பதே கேள்வி. ஆல்ப்ஸ் ஒரு சுவர். பெரும்பாலும் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் தெளிவாக இருக்கும். இரண்டு பக்கமும் கொட்டினால் ஜெனோவா. இத்தாலியில் ஓட்டும்போது இசோராடியோ 103.3-ஐப் போட்டுவையுங்கள், மொழி புரியாவிட்டாலும் சாலை எண்ணும் ‘நேவே’ என்ற சொல்லும் காதில் விழும். நேவே என்றால் பனி.

கோத்தார்ட். கடப்பதானால் எங்கள் முதல் தேர்வு இது. காரணம் உயரம். 1980-ல் திறந்த 16.9 கி.மீ. சுரங்கம் மலையை 1,175 மீட்டரில் கடக்கிறது. தெற்கு வாயில் ஐரோலோ, வடக்கு வாயில் கோஷெனன், இரண்டும் 1,100 மீட்டரை ஒட்டி. மேலே 2,106 மீட்டர் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெலின்சோனாவில் 240 மீட்டர் உயரத்தில் தூங்கி எழுந்து, காலை பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால், மாலைக்குள் பேசல் தாண்டி பிரான்ஸின் அல்சாஸில் 200 மீட்டருக்கு இறங்கிவிடலாம். உறைநிலைக்குக் கீழே வேன் நிற்கும் நேரம் இதில்தான் மிகக் குறைவு. 3.5 டன்வரை வேனுக்கு ஆண்டு விக்னெட் 40 ஃபிராங்க். சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. 3.5 டன்னுக்கு மேல் என்றால் விக்னெட் செல்லாது. கனரக வரி நாளுக்கு 3.25 ஃபிராங்க், குறைந்தபட்சம் 25 ஃபிராங்க், செயலியிலேயே கட்டலாம். பேசலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரை ஏ35 இலவசம். மெட்ஸிலிருந்து லக்சம்பர்க், பெல்ஜியம் வழியாகப் போனால் கலே வரை டோல் இல்லை, டீசலும் லக்சம்பர்கில் மலிவு.

சுவிட்சர்லாந்தில் குளிர்கால டயர் கட்டாயம் என்று பொதுச் சட்டம் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு கோடை டயரில் ஏறாதீர்கள். வழுக்கிப் போக்குவரத்தை மறித்தால் பொறுப்பு உங்கள் தலையில். காப்பீட்டுக்காரரும் கையை விரிக்கலாம்.

பிரென்னர். 1,370 மீட்டர். சுரங்கம் இல்லாமல் திறந்தவெளியில் கடக்க வேண்டிய கணவாய். ஆனால் லாரிப் போக்குவரத்து இதையே நம்பியிருப்பதால் பனியை அள்ளுவதில் குறை வைக்க மாட்டார்கள். ஆஸ்திரியப் பக்கம் லூயெக் பாலத்தில் 2025 ஜனவரி 1 முதல் பொதுவாக ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம்தான். பழைய பாலத்தின் தாங்குசக்தி குறைந்துவிட்டதால் புதிதாகக் கட்டுகிறார்கள். சனிக்கிழமை பனிச்சறுக்கு விடுதிகளில் ஆள் மாறும் நாள். அன்று பிரென்னர் மட்டுமல்ல, மூன்று மலைவழியிலும் ஏறாதீர்கள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிச் சாலையில் 4 மி.மீ. பள்ளத்தோடு குளிர்கால டயர் வேண்டும். விக்னெட்டுக்கு மேல் பிரென்னருக்குத் தனி டோல். 3.5 டன்னுக்கு மேல் என்றால் விக்னெட்டுக்குப் பதில் டோலைக் கணக்கிடும் கோ-பாக்ஸ் கருவி. ஜெர்மனியில் கேம்பருக்கு டோலே இல்லை என்பதுதான் இந்த வழியின் பலம். பலவீனம், இன்ஸ்ப்ரூக்கிலிருந்து உல்ம் வரை இரவு எங்கே நிறுத்தினாலும் 500 மீட்டரை ஒட்டிய குளிர்.

மோன் பிளாங்க். 11.6 கி.மீ. சுரங்கம், இத்தாலிய வாயில் 1,381 மீட்டர். இறங்கும் இடம் ஷாமொனி. அங்கிருந்து கீழே செங்குத்தான இறக்கம், நிழலில் உறைந்த சாலை. ஒரு முறை கடக்கக் கட்டணம் மிக அதிகம். பிரான்ஸின் மத்தியப் பகுதியில் வேலை இருந்தாலொழிய இதை எடுக்கக் காரணம் இல்லை.

கரையோரம். பியாச்சென்ஸா, தொர்தோனா, ஜெனோவா, வென்டிமிலியா, எக்ஸ், லியோன், திஜோன், ரீம்ஸ், கலே. கோத்தார்ட் வழியைவிட ஏறத்தாழ 500 கி.மீ. அதிகம்: 55 லிட்டர் டீசல், முக்கால் நாள் ஓட்டம், பிரான்ஸ் முழுக்க டோல். பிரான்ஸில் வேனின் உயரம் 3 மீட்டருக்குக் கீழும் எடை 3.5 டன்வரையும் இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதில் ஒன்று தாண்டினாலும் மூன்றாம் வகுப்பு, கட்டணம் கணிசமாக ஏறும்.

இந்த வழியில் பனியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெனோவாவுக்கு மேலே ஏ7 ஜோவி மேட்டைக் கடக்கிறது. உயரம் 500 மீட்டர்கூட இல்லை. ஆனால் கடலின் ஈரக்காற்று மேலேயும் சமவெளியின் உறைகுளிர் கீழேயும் சந்திக்கும் இடம் அது. மழையாக விழுவது தரையைத் தொட்டதும் கண்ணாடியாகிறது. இத்தாலியர்கள் ‘ஜெலிசீதியோ’ என்பார்கள். அதற்குக் குளிர்கால டயரும் உதவாது. நிறுத்திக் காத்திருப்பதே வழி, பெரும்பாலும் சில மணி நேரத்தில் விடும். ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்திரால் காற்று வடக்கிலிருந்து நேர் எதிரே அடிக்கும். டீசல் செலவு ஏறும், லாரியைத் தாண்டும் கணத்தில் வேன் பக்கவாட்டில் தள்ளும். திஜோனுக்கு வடக்கே லாங்ர் மேட்டுநிலம் குளிரும் மூடுபனியும். ஆனாலும் இவை நிறுத்திக் காத்திருக்கக்கூடிய இடையூறுகள். எந்த இரவும் 500 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டியதில்லை.

வேன்தான் வழியைத் தீர்மானிக்கிறது

டயரைக் குனிந்து பாருங்கள். பல கேம்பர்களில் வரும் 225/75 ஆர்16 ‘கேம்பிங்’ டயரில் எம்+எஸ் எழுத்து இருக்கும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்காது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதலும், பிரான்ஸின் மலைப்பகுதிச் சட்டத்தில் 2024 நவம்பர் முதலும் அந்தக் குறி உள்ள டயரையே குளிர்கால டயராக ஏற்கிறார்கள். குறி இல்லை என்றால் உங்கள் வழி கரையோரம். அதிலும் சங்கிலி வண்டிக்குள் இருக்க வேண்டும். இத்தாலியில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல நெடுஞ்சாலைகளில் டயர் அல்லது சங்கிலி கட்டாயம். சங்கிலியைப் பத்ராஸில் காய்ந்த தரையில் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். டுகாட்டோ போன்ற முன்சக்கர இழுவை வேனுக்கு முன்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டுவது பதற்றத்தில் நடக்கிற தவறு. மாட்டியபின் 50-ஐத் தாண்டக் கூடாது. பின்பக்க அறையில் கனமான சாமான் ஏற ஏற முன்சக்கரம் தூக்கி வழுக்கும். ஒயின் பெட்டி, ஆலிவ் எண்ணெய் டின், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் முன்னச்சுக்கு அருகே தரையில் வையுங்கள்.

கேஸ்தான் அதிகம் பேரை ஏமாற்றுவது. கிரீஸில் நிரப்பும் கேஸில் பெரும்பகுதி பியூட்டேன். பியூட்டேன் −0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் −42 வரை ஆவியாகும். கலவைச் சிலிண்டரில் முதலில் புரொப்பேன் கிளம்பிப் போய்விடும்; அடியில் பியூட்டேன் திரவமாகத் தங்கும். விடியற்காலை நாலு மணிக்கு வெளியே −6. ஹீட்டரின் விசிறி சுற்றும், பற்றவைக்கும் டிக் டிக் சத்தம் கேட்கும், பற்றாது, சிவப்பு விளக்கு எரியும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாதி நிறைவாகக் கனக்கும். கெட்டுப்போனது ஹீட்டர் அல்ல. கிரீஸில் கடைசி வாரம் கேஸைத் தீர்த்துவிட்டு, வடக்கே போய் நிரப்புங்கள். நிரப்பும் வகைச் சிலிண்டராக இருந்தால் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் டிஷ் அடாப்டர், ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் ஆக்மே அடாப்டர் வேண்டும். இத்தாலிய எரிபொருள் பங்க்குகளில் கையில் தூக்கக்கூடிய சிலிண்டருக்கு நிரப்ப மறுப்பார்கள். வண்டியில் பொருத்திய தொட்டி என்றால் பிரச்சினை குறைவு. மாற்றும் வகை என்றால் புரொப்பேன் மட்டும் உள்ள சிலிண்டர் கேளுங்கள். −5 டிகிரியில் நாளெல்லாம் ஹீட்டர் ஓடினால் 3 முதல் 5 கிலோ ஆகும். 11 கிலோ சிலிண்டர் இரண்டு மூன்று நாள்தான்.

டீசலுக்கும் இதே கதை. கிரீஸின் குளிர்கால டீசல் −5 டிகிரி வரைக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் விற்பது −20 வரைக்கும். தெற்கில் நிரப்பிய டீசலோடு மலையில் ஓர் இரவு நின்றால் மெழுகு பிரியும். காலையில் எஞ்சின் கிளம்பும், சில கிலோமீட்டர் ஓடும், நெடுஞ்சாலை வேகம் வந்ததும் இழுவை செத்துப்போகும். வடிகட்டி மெழுகில் அடைத்திருக்கும். கால் தொட்டியோடு கப்பல் ஏறுங்கள், இத்தாலியில் தேவைக்கு மட்டும் நிரப்புங்கள், மலையடிவாரத்தைத் தாண்டிய முதல் எரிபொருள் பங்க்கில் முழுதாக நிரப்புங்கள். உறையெதிர்ப்புத் திரவம் ஊற்றுவதானால் மெழுகு பிரியும் முன்பே ஊற்ற வேண்டும். பிரிந்தபின் ஊற்றிப் பயனில்லை. பெட்ரோல் கலக்கும் பழைய வழக்கம் இன்றைய எஞ்சினின் பம்பைக் கெடுக்கும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் கிரீஸ் தண்ணீரைக் காலி செய்து −20 திரவம் ஊற்றுங்கள். லாரி வாரியடிக்கும் உப்புநீர் காய்ந்து கண்ணாடி வெண்மையாகும்போது பீய்ச்சுகுழாய் உறைந்திருந்தால் ஒன்றும் தெரியாது.

தண்ணீர். ட்ரூமா காம்பி ஹீட்டரில் உறைபனி வால்வு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி 3 டிகிரியை நெருங்கியதும் தானாகத் திறந்து கொதிகலனின் 10 லிட்டரையும் வெளியே விட்டுவிடும். முன்னிருக்கையில் நீங்கள் கதகதப்பாக ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் அலமாரிக்கு அடியில் இது நடக்கும். பம்பை அணைக்காமல் விட்டிருந்தால், அது தொட்டித் தண்ணீரை முழுக்க அந்த வால்வு வழியாகவே வெளியேற்றும். திறந்த வால்வைக் கையால் அழுத்தினாலும் அந்த இடம் 7 டிகிரி வரை சூடாகும்வரை மூடாது. ஓடும்போதும் ஹீட்டரைப் போட்டுவைக்க வேண்டும் என்றால், மோதல் உணரியுள்ள கேஸ் ரெகுலேட்டர் இருக்க வேண்டும். அது இல்லாத வேனில், அங்கோனாவிலேயே தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, 10 லிட்டர் கேன் இரண்டோடு போவது நிம்மதி. வடக்கே பிரான்ஸின் கேம்பர் நிறுத்தங்களில் குளிர்காலத்தில் குழாயை அடைத்துவைப்பது வழக்கம். கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டு அடியில் வாளி வையுங்கள். வாளியில் உறைந்தால் தட்டிக் கொட்டலாம், தொட்டியில் உறைந்தால் தொட்டி வெடிக்கும்.

லித்தியம் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் ஏற்காது. சூடேற்றி இல்லாத பேட்டரி வெளி அலமாரியில் இருந்தால், நாள் முழுக்க ஓட்டியும் மாலையில் காலியாக இருக்கும். அதைக் குடியிருப்புக்குள் மாற்றுங்கள்.

தேர்வு

மலைக்குறி டயர், புரொப்பேன், உள்ளே காப்பிட்ட தண்ணீர்த் தொட்டி மூன்றும் இருந்து, வானிலையும் இடம் கொடுத்தால்: கோத்தார்ட். 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கும் அதுவே. ஜெர்மனியில் உறவினர் வீடு இருக்கிறது என்றால்: வார நாளில், நண்பகலில், பிரென்னர். கோடை டயரோ, பழைய வேனோ, குளிரில் ஓட்டிப் பழக்கமில்லாதவரோ என்றால் யோசனையே வேண்டாம், ஜெனோவா. 55 லிட்டர் டீசல் ஓர் இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கு.

வேனை விட்டுவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு: பிரிட்டனில் பதிவான வண்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கவரி இல்லாமல் 12 மாதத்தில் 6 மாதமே இருக்கலாம். அக்டோபர் இறுதியில் வந்த வண்டிக்கு அது ஏப்ரல் இறுதி. அதற்குள் உங்கள் 90 நாள் மறுபடி திறந்து, வந்து எடுத்துப் போக முடியுமா என்று தேதி போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாய் இருந்தால் வழியோடு இன்னொரு கணக்கும் சேரும். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முன், 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும், கால்நடை மருத்துவர் நாடாப்புழு மாத்திரை கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். பத்ராஸில் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் கப்பலுக்கு ஒரு நாள், சாலைக்கு மூன்று நாள். ஜோவி மேட்டில் ஒரு நாள் நின்றால் கெடு தாண்டிவிடும். மலையைக் கடந்தபின் அல்சாஸிலோ லியோனிலோ கொடுங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து இறைச்சி, பால் பொருட்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தடை; ஃபெட்டா கட்டியைக் கலேக்கு முன்பே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும்.

கடைசி இரவு கலேயை ஒட்டிய நெடுஞ்சாலை நிறுத்தங்களில் தூங்காதீர்கள். 40, 50 கி.மீ. உள்ளே செந்தோமேர் போன்ற ஊரில் தங்கி, காலையில் வெளி அலமாரிகள், சைக்கிள் உறை, கூரைப்பெட்டி எல்லாவற்றையும் திறந்து பார்த்துப் பூட்டுங்கள். இங்கிலீஷ் கால்வாயில் பலத்த காற்று என்றால் கப்பல் தாமதமாகும். சுரங்க ரயில் 35 நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஏறுமுன் கேஸ் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீடு சேர்ந்த முதல் வாரத்தில், உறைநிலைக்கு மேலே இருக்கும் ஒரு நாளில், வேனின் அடிப்பாகத்தை வெறும் தண்ணீரால் அரை மணி நேரம் கழுவுங்கள். பிரேக் பிடிப்பான்கள், மின்படியின் மோட்டார், பின்னச்சின் மேல்பக்கம் — உப்பு முதலில் அரிப்பது இந்த மூன்றையும்தான்.